தேரிக்குக் கேட்ட ஆமென்

ஈசாக்குபுரத்துக்குத் தேரி நடந்து வந்த வருஷத்தில், முதன்முதலாக வீட்டு முற்றத்தில் மணல் வாங்கியவன் யாபேஸ். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை, யாபேஸுக்கே இல்லை. கோயிலில் அல்தாருக்கு முன்னாலுள்ள மரக் கிராதியைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் ஒரு சொட்டு தொட மாட்டேன்" என்று கண்ணீரோடு சொல்லிவிட்டுப் போனவன், பொங்கல் வருமுன்பே குடித்துவிட்டு வந்து, வாசலில் முழங்கால் உயரத்துக்குச் செக்கச் செவேலென்று மணல் கிடப்பதைக் கண்டு, வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோம் என்று திரும்பி நடந்தான். அவன் மனைவி உள்ளேயிருந்தபடியே, "எங்க போறீரு? நம்ம வீடுதான். உம்ம ஆமென்தான் வந்து கெடக்கு, வந்து வாரும்" என்றாள்.

தேரி என்பது ஊருக்குத் தெற்கே, பனைகளுக்கு அப்பால் கிடக்கும் செம்மணல் மேடு. ஆடிக்காற்றில் அது இடம் மாறும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளமாகும், ஆடு மேய்ந்த இடம் ஆளுயரம் ஏறும். ஆனால் அது மார்கழிக் கடைசியில், ஓலை அசையாத மத்தியானத்தில், தெருத்தெருவாகத் தாண்டி, இன்னார் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்ததுபோல ஒரு வீட்டு முற்றத்தில் மட்டும் ஏறி உட்காரும் என்பதை அந்த வருஷம்தான் ஊர் கண்டது. கண்டு, ஒரு வாரம் பேசி, பிறகு பழகிக்கொண்டது.

வருஷத்தின் முதல் ஞாயிறு அந்த ஊருக்கு உடன்படிக்கை ஞாயிறு. நற்கருணை முடிந்ததும் சபையார் வரிசையாகப் போய்க் கிராதியில் கைவைத்து, அந்த வருஷம் தாங்கள் செய்யப்போவதையோ விடப்போவதையோ கர்த்தருடைய சந்நிதியில் உரக்கச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் சபை முழுவதும் ஆமென் என்னும். ஆமென் விழுந்துவிட்டால் தீர்மானம் நின்றது, அதன் பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியாது. வெள்ளைக்காரப் போதகர்கள் காலத்திலிருந்து வரும் வழக்கம். ஆனால் வரிசை நீளமானது, வெளியே பந்தலிலிருந்து ஆட்டுக்கறி வாசனை உள்ளே வந்துகொண்டேயிருக்கும், பிள்ளைகள் அழும். ஆகவே எத்தனையோ வருஷமாகச் சபை ஆமெனை வாயால் சொல்லிவந்ததே தவிரக் காதால் கேட்டுச் சொன்னதில்லை. ஒருவர் இருமி முடித்தாலும் ஆமென் விழும். ஒருமுறை மணியடிக்கிற கோயில்பிள்ளை எழுந்து, "வாசல்ல யாரோ பைக்கக் குறுக்க நிப்பாட்டியிருக்கிய, எடுங்க" என்றதற்கும் கணீரென்று ஆமென் விழுந்தது.

சபை கேட்காமல் விட்டதையெல்லாம் பனைகளுக்கு அப்பாலிருந்து தேரி கேட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மாசி பிறப்பதற்குள் மணலின் கணக்கு ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. சின்னத் தீர்மானத்துக்குச் சின்ன மணல், பெரிய தீர்மானத்துக்குப் பெரிய மணல். அதிகாலையில் நடப்பேன் என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் கிடந்த ரிட்டயர்ட் தாசில்தாருக்குச் செருப்புக்குள் ஒரு பிடி. புறங்கூற மாட்டேன் என்று சொல்லியிருந்த போதகரின் மனைவிக்கு அரிசிப் பானை நிறைய. நாள் முழுக்க அவர் முறமும் கையுமாக உட்கார்ந்திருந்தார், அந்த மணல் எப்படி வந்தது என்று யாரிடமாவது சொன்னால் இன்னும் வரும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. அரசாங்கத்து ஆள் ஒருவர் வந்து, மணலைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்து, காற்று என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தது.

பெண்கள் கோழி கூவுமுன் எழுந்து முற்றத்தைப் பார்த்தார்கள். மணல் இருந்தால் சாக்கில் வாரிக் கொண்டுபோய் ஓடையில் கொட்டினார்கள், ஓடைக்குப் போகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்குமுன் வாசலைப் பார்த்தார்கள். மெல்ல மெல்ல, கோயிலில் சொன்ன வார்த்தைகள் மட்டுமல்ல, வாயில் வரும் எந்த வார்த்தையும் பயமாயிற்று. கடைக்காரர் "நாளைக்கு வாங்க, சரக்கு வந்துரும்" என்று சொல்வதை விட்டார். தாய்மார் பிள்ளைகளிடம் "சாயங்காலம் வாங்கித் தாரேன்" என்று சொல்வதை விட்டார்கள். விருந்துக்கு வந்தவர்கள்கூட விடைபெறும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லப் பயந்தார்கள், வராமல் போனால் என்ன ஆகும் என்று. வெறுமனே "போறேன்" என்றார்கள், சாவு வீட்டில் சொல்வதுபோல. ஈசாக்குபுரத்தில் அந்த வருஷம் எல்லா வீடும் கொஞ்சம் சாவு வீடுபோலத்தான் இருந்தது.

ஜெபக்கனியின் முற்றம் மட்டும் துடைத்துவைத்த தாம்பாளமாக இருந்தது.

ஜெபக்கனி கலியாணம் செய்துகொள்ளாதவள், ஐம்பதைத் தாண்டியவள், பாடகர் குழுவுக்கு அங்கியும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் தைப்பவள். அவள் வாயில் ஒன்று வந்தால் அது கல்லில் வெட்டியதுதான் என்று ஊர் சொல்லும். காப்பியை விடுவேன் என்று ஒரு வருஷம் கிராதியில் கைவைத்தாள், விட்டாள், பிறகு எந்த வீட்டில் காப்பி கொதித்தாலும் மூக்கைத் திருப்பிக்கொண்டாள். வேதத்தை முதலிலிருந்து கடைசி வரை வருஷத்துக்குள் வாசிப்பேன் என்றாள், கார்த்திகையிலேயே முடித்துவிட்டு மீதி நாளில் மறுபடி ஆரம்பித்தாள். அவளைக் காட்டித்தான் தாய்மார் பிள்ளைகளைத் திட்டினார்கள். ஆகவே தேரி வர ஆரம்பித்தபின் ஊருக்கு அவள் மேல் மரியாதை கூடியது, கூடவே லேசான வெறுப்பும். அவள் தெருவில் போனால் பேச்சு நின்றது.

அவளோ விடியுமுன்பே எழுந்துவிடுவாள். கதவைத் திறந்து சுத்தமான முற்றத்தைப் பார்ப்பாள். மற்றவர்கள் மணல் இருக்குமோ என்று பயந்தார்கள். அவள் மணல் இல்லாததைப் பார்த்துப் பயந்தாள். ஏனென்றால் அந்த வருஷம் அவள் என்ன சொல்லியிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும்.

அதற்கு முந்தின வருஷத் தபசுக் காலத்தில், ஈஸ்டருக்கு முன்னான நாற்பது நாளும் மத்தியான மணி அடிக்கும் வரை ஜெப அறையை விட்டு வெளியே வருவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று ஒரு தீர்மானம் எடுத்து நடத்திக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் ஒரு காலையில் அவள் தங்கை யூனிஸ் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள். "யக்கா, அம்ம ஒன்னக் கேக்குது. மூச்சு ஒருமாதிரி வாங்குது. வா." ஜெபக்கனி முழங்காலில் இருந்தபடியே, கண்ணைத் திறக்காமல், உள்ளங்கையைக் காட்டிக் கையை உயர்த்தினாள்: பொறு, மணி அடிக்கட்டும். மணி அடித்தது. அவள் எழுந்து, சேலையை நீவிக்கொண்டு, பனங்காட்டுப் பாதையில் வேகமாக நடந்து தங்கை வீட்டை அடைந்தபோது அம்மாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவே, குழிக்குப் பக்கத்தில் நின்று, யூனிஸ் சொன்னாள்: "எங்க அக்காவுக்குப் பெத்தவளவிடத் தீர்மானந்தான் பெரிசு."

அந்தச் சொல் அவளுக்குள் போய் எங்கே உட்கார்ந்ததோ, அங்கேயே இருந்தது. உடன்படிக்கை ஞாயிறு வந்தது. ஜெபக்கனி கிராதியில் கைவைத்து, துணியை அளந்து வெட்டுவதுபோல ஒவ்வொரு சொல்லாக, "இந்த வருஷம் என் தங்கச்சி யூனிஸ் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், அவ கையால ஒரு மடக்குத் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்" என்றாள். சபை, ஆமென் என்றது. வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றவள் யூனிஸ். தினமும் குடும்ப ஜெபம் பண்ணுவேன் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அக்காள் சொன்னதைக் கேட்டதும் தான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, கிராதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் முடியுமுன்ன எங்க அக்காவ என் வீட்டுல உக்காத்திவச்சு ஒரு வாய்ச் சோறு போடுவேன்" என்றாள். அதற்கும் சபை, அதே குரலில், அதே பசியோடு, ஆமென் என்றது.

ஒன்று நின்றால் மற்றது விழும். இரண்டுக்கும் சேர்த்து ஊரே ஆமென் சொல்லியாயிற்று.

யூனிஸ் கெஞ்சவில்லை, ஆள் அனுப்பவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் கூட்டம் கலையும்போது, அக்காள் காதில் விழும் தூரத்தில் நின்று, வேப்பமரத்தைப் பார்த்தோ வானத்தைப் பார்த்தோ, "இன்னைக்குச் சாளைக் குழம்பு" என்பாள். அடுத்த வாரம், "முருங்கக்கா போட்ட கருவாட்டுக் குழம்பு, மாங்காயும் போட்டிருக்கு." இன்னொரு வாரம், "ரசம் மட்டுந்தான். முடியல." சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவள் வீட்டில் ஞாயிறுதோறும் ஒரு தட்டு கூடுதலாக வைக்கப்படுவதும், சோறு ஆறிய பிறகு கோழிகளுக்குப் போவதும் ஊருக்குத் தெரியும். யாபேஸ் ஒருநாள் ஜெபக்கனியின் பின்னாலேயே வந்து, "யக்கா, நீங்க போகலேன்னா அந்தத் தட்டுக்கு நான் ஒரு ஜெபம் பண்ணிக்கிடட்டுமா? கோழியெல்லாம் கொழுத்துப்போச்சு" என்றான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவனுக்குப் போதை இறங்கியது.

பங்குனியில் ஞானமுத்துவுக்கு வந்தது. அதுவரை மணல் ஒரு தொல்லை. அன்றிலிருந்து அது வேறு. மனைவி மேல் இனிக் கைவைக்க மாட்டேன் என்று கிராதியில் சொன்னவன், மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில், குழம்பில் உப்புக் கூடியதற்கு அவளை அறைந்தான். அறைந்த கை கீழே இறங்குமுன் ஓடு விலகியது. யாரோ மேலே உட்கார்ந்து பெரிய சுளகில் புடைப்பதுபோல ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். பிள்ளைகளும் பெண்களும் பின்வாசலால் ஓடினார்கள். தோண்டியெடுக்கும்போது அவன் கழுத்து வரை மணலில் நின்றுகொண்டிருந்தான், கண் திறந்தபடி. பிழைத்தான். ஆனால் பேச வாயைத் திறந்தால் மணல் உதிர்ந்தது. பேசுவதை விட்டுவிட்டான். அவன் மனைவி அவனுக்கு உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். அந்த மாமியார் மட்டும், கூரை போன தன் வீட்டின் முன்னால் நின்று, "நான் என்னத்தச் செஞ்சேன்? நான் ஒண்ணுமே சொல்லலியே" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நீயும் அன்றைக்கு ஆமென் சொன்னாய் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை.

ஆடி பிறந்தது. காற்று எழுந்தது. யூனிஸின் வீடு ஊரின் கடைசி வீடு, பனைகளை ஒட்டியது. அதன் பின்னால் தேரி எழுந்து நிற்க ஆரம்பித்தது. காற்று ஓய்ந்த பிறகும் அது இறங்கவில்லை. புரட்டாசியில் கூரை உயரம் இருந்தது. ஐப்பசி மழை அதை நனைத்துக் கறுக்க வைத்ததே தவிரக் கரைக்கவில்லை. கார்த்திகையில், தூங்கும் பிள்ளை மேல் போடுவதற்காகத் தாய் போர்வையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அதுபோல வீட்டின் மேல் வளைந்து நின்றது. வீட்டுக்குள் யூனிஸின் கணவன் சாலமோன் கட்டிலில் கிடந்தான். பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவன்; அவனைத் தூக்க வேண்டுமென்றால் கட்டிலோடுதான் தூக்க வேண்டும். ஆட்கள் போய் வேறு வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றபோது அவன், "எங்க கொண்டுபோனாலும் அவ கூடத்தான வருவா. அவ வந்தா அதுவுந்தான வரும். இருக்கட்டும்" என்றுவிட்டான்.

ஜெபக்கனி தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்தால் தன் ஜன்னல் வழியே அந்த மணல் வளைவு தெரியும். அதே ஜன்னல்தான், யூனிஸ் வந்து தட்டியது. மிஷின் ஓடாத வேளையில் தூரத்தில் ஸ்ஸ்ஸென்று கேட்பதுபோல இருக்கும். உடனே மிதிப்பாள். துணி இல்லாமலே மிதிப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போதகர் தியோடர் அங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பக்கவாட்டுல பிரிஞ்சிருக்கு, சிஸ்டர்."

அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது பிரியல ஐயா. நீங்க பிரிச்சிருக்கிய. நகத்தால."

போதகருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டுக்கும் ஆமென் சொல்லிட்டோம். ரெண்டும் நிக்காது."

"நான் சொன்னப்போ கேட்டியளா ஐயா?"

"கேட்டிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

"அப்போ கேக்கல."

அவர் அவள் கையிலிருந்த ஊசியையே பார்த்தார். "கேக்கல. அன்னைக்கு என் மனசு பந்தல்ல இருந்துச்சு. சோறு குழைஞ்சிருமோன்னு."

அவள் ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். கோக்க முடியவில்லை; மறுபடி நாக்கில் நனைத்துக் கோத்தாள். பிறகு, தலையை நிமிர்த்தாமல், இத்தனை மாதமும் தன்னை அரித்த கேள்வியைக் கேட்டாள். "யாபேஸ் கடையில குடிச்சான், மணல் வீட்டுக்கு வந்துச்சு. ஞானமுத்துக்கு அவன் நின்ன எடத்துலயே வந்துச்சு. நான் யூனிஸ் வாசல மிதிச்சா, எனக்கு வர வேண்டிய மணல் எங்க வரும்? என் வீட்டுக்கா, அவ வீட்டுக்கா? நான் போகலேன்னா அவளுக்கு வரும். போனா, என்னால அவளுக்கு வரும். எது ஐயா?"

போதகர் வேதசாஸ்திரக் கல்லூரியில் எபிரெயு படித்தவர். அவர், "தெரியல சிஸ்டர்" என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

அங்கியைத் தைத்துக் கொடுத்தாள். வாசலில் நின்று அவர், "போயிட்டு..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

வருஷத்தின் கடைசி ஞாயிறு வந்தது. அன்று கோயில் நிறைந்திருந்தது, ஆனால் யாரும் பாட்டில் மனம் வைக்கவில்லை. எல்லாக் கண்ணும் அக்காள் மேலும் தங்கை மேலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன. ஜெபக்கனி முழங்கால்படியிட்டாள், பொது ஜெபம் ஓடியது, அவள் உதடு அசைந்தது, ஆனால் அவள் கண்ணுக்குள் இருந்ததெல்லாம் ஒரு கை: ஜன்னலைப் பார்த்து உள்ளங்கை விரித்து உயர்த்திய தன் கை. அன்றிலிருந்து அதை இறக்கவேயில்லையோ என்று தோன்றியது. அந்தக் கையோடுதான் துணி வெட்டினாள், அந்தக் கையோடுதான் கிராதியைத் தொட்டாள். தீர்மானத்தைக் காப்பாற்றிய ஒவ்வொரு வருஷமும் கர்த்தர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தாள். அந்தக் காலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று தட்டியது தங்கைதானா, அவர்தானா என்று முதன்முதலாக யோசித்தபோது அவளுக்கு மணலைவிடப் பெரிய பயம் வந்தது.

ஆசீர்வாதம் சொல்லுமுன் அவள் எழுந்துபோய்க் கிராதியில் கைவைத்தாள். அது உடன்படிக்கை ஞாயிறு அல்ல. அப்படி யாரும் போவதில்லை. போதகர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"இந்த வருஷம் ஆரம்பத்துல நான் ஒரு தீர்மானம் சொன்னேன்" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை, மெலிந்திருந்தது. "அத இன்னைக்கு ஒடைக்கப் போறேன். அது கர்த்தர்கிட்டச் சொன்னதில்ல. அவ மேல இருந்த கோவத்துல சொன்னது. நீங்க எல்லாரும் அதுக்கு ஆமென் சொன்னிய. யாருமே என்ன ஏன்னு கேக்கல. இன்னைக்கு நான் சொல்லுதது எல்லாருக்கும் கேக்குதா? கேக்குதுல்ல? அப்போ இதுக்கும் ஒரு ஆமென் சொல்லுங்க."

மின்விசிறிகள் சுற்றின. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஒரு மனுஷி சொன்னதைச் சபை முழுவதும் கேட்டது. கேட்டதனாலேயே ஒரு வாயும் திறக்கவில்லை. கேட்டு ஆமென் சொன்னால் அந்த மணலில் தனக்கும் பங்கு வரும் என்று ஒவ்வொருவரும் தன் வீட்டை நினைத்தார்கள், கூரையை, உறங்கும் பிள்ளையை, ஓடு விலகும் சத்தத்தை. தெற்கு ஜன்னல் கண்ணாடியில் இரண்டொரு மணல் டிக் டிக்கென்று பட்டது. யூனிஸ் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, கரகரத்த குரலில், "ஆமென்" என்றான் யாபேஸ்.

பெண்கள் பக்கத்தில் அவன் மனைவி தலையிலடித்துக்கொண்டது முன்வரிசை வரை கேட்டது. "என்னட்டீ? ஏற்கனவே முட்டளவு கெடக்கு. இன்னுங் கொஞ்சம் விழுந்தா அதுக்கு மேல ஏறி மாங்கா பறிப்பேன்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஆண்கள் பக்கத்தில் ஓர் ஆள் மெதுவாக எழுந்தான். ஞானமுத்து. மாதக்கணக்கில் பேசாதவன். வாயைத் திறந்தான், செம்மணல் தாடையிலும் சட்டையிலும் வழிந்தது, இருமி, துப்பி, மறுபடி திறந்து, மணலோடு மணலாக அந்த ஒரு வார்த்தையை வெளியே தள்ளினான். போதகர் தியோடரின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

அவ்வளவுதான். ஜெபக்கனி கிராதியை விட்டுவிட்டு நடந்தாள்.

கோயிலிலிருந்து தங்கை வீட்டுக்குத் தெரு நேராகப் போகும். அவளுக்கு முன்னால் யூனிஸ் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள், உலை என்ன ஆயிற்றோ என்று. இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தப்பட்டன. கோயிலிலிருந்து குறுக்குவழியே ஓடிவந்து சாத்தினார்கள். அவளுக்குப் பின்னால் ஸ்ஸ்ஸென்று சத்தம் தொடங்கியது, நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப் போனவளின் கதையை ஞாயிற்றுப் பள்ளியில் படித்தவள் அவள். பனைகளுக்கு மேலே தேரி, தூக்கிப் பிடித்த போர்வை, இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தது.

வாசற்படியில் வந்து நின்றுவிட்டாள். ஒரு மரப்படி, நடுவில் தேய்ந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனது இதன் வழியாகத்தான்.

"யூனிஸு, அவர வெளிய கொண்டுபோயிருவோம். பிடி, ரெண்டுபேருமாத் தூக்குவோம். எனக்குப் பயமாருக்கு."

"தூக்கணும்னா நீ உள்ள வரணும்லா" என்றாள் யூனிஸ். அவள் கையில் கரண்டி இருந்தது.

உள்ளேயிருந்து சாலமோன், "மைனி, கொழம்பு ஆறுது" என்றான். பிறகு இன்னும் மெதுவாக, "வாங்க மைனி. விழுந்தா எல்லாரும் சேந்து கெடப்போம்."

அவள் காலைத் தூக்கி வைத்தாள்.

தேரி மூச்சு விட்டது. ஊர் முழுவதும் அதைக் கேட்டது; ஒரு பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் பெஞ்சிலிருந்து எழுந்திருப்பதுபோன்ற சத்தம். மேலே ஓடுகள் கடகடவென்று ஆடின. வெளிச்சம் சிவப்பாகி மங்கியது. யூனிஸ் கணவன் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள், ஜெபக்கனி யூனிஸின் மேல். ஓலைகள் சலசலக்க, வீட்டுக்கு மேலாக ஏதோ ஒன்று, மிகப் பெரிய ஒன்று, நெடுநேரம் கடந்து போய்க்கொண்டேயிருந்தது. பிறகு கோழி கொக்கரித்தது.

யூனிஸ் தட்டை வைத்தாள். சோறு போட்டாள். அக்காள் பிசைந்து எடுத்த முதல் வாயில் மணல் கடிபட்டது. துப்பவில்லை. "உப்பு போதுமா?" என்று யூனிஸ் கேட்டாள். "போதும்" என்றாள் ஜெபக்கனி. பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

சாயங்காலம் அவள் தன் வீட்டுக்குப் போனபோது மணல் ஜன்னல் விளிம்பு வரை நின்றது. கதவைத் தோளால் தள்ளித் திறக்க முடிந்தது. தையல் மிஷின் பாதி முங்கிக் கிடந்தது. அவ்வளவு பெரிய தேரி வந்து, வீடு முங்காமல் நின்றது ஏன் என்று பார்க்க ஊர் கூடியது. யாபேஸின் வீட்டில் முழங்கால் மணல் இடுப்புக்கு ஏறியிருந்தது. அவன் அதன் மேல் ஏறி நின்று சொன்னபடியே மாங்கிளையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான், அது காய்க்கும் காலம் இல்லை. ஞானமுத்துவின் முற்றத்திலும் இடுப்பளவு. போதகர் வீட்டுத் தாழ்வாரத்தில் மட்டும், மாக்கோலம் போடலாம் என்கிற அளவுக்கு மெல்லிசாக ஒரு படலம். அவர் அதன் முன்னால் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

வேறு எந்த வீட்டிலும் ஒரு பொடி மணல் இல்லை. ஊர்க்காரர்கள் திரும்பிப் போய்த் தங்கள் வாசலைப் பார்த்தார்கள். பெருக்கிவைத்ததுபோல இருந்தது. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அந்தச் சுத்தத்தைப் பார்க்க அவர்களுக்கு, ஜெபக்கனிக்கு வருஷம் முழுக்க இருந்ததுபோல, பயமாக இருந்தது. இருட்டுமுன் சிலர் மண்வெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தார்கள். சிலர் யாபேஸ் வீட்டுக்குப் போனார்கள். ஞானமுத்துவின் மாமியார், கூரையில்லாத வீட்டுக்காரி, ஒரு சுளகை எடுத்துக்கொண்டு மருமகன் வீட்டு முற்றத்துக்குப் போய் வார ஆரம்பித்தாள்.

அடுத்த உடன்படிக்கை ஞாயிறு வந்தது. கோயில்பிள்ளை மின்விசிறிகளை நிறுத்திவிட்டார். பந்தலில் ஆட்டுக்கறி வேகவில்லை. பிறகு சமைத்துக்கொள்ளலாம் என்று போதகர் சொல்லியிருந்தார். முதலில் போனது யாபேஸ்தான். "இந்த வருஷம் குடிக்க மாட்டேன்" என்றான். ஆமென் விழவில்லை. திரும்பிப் பார்த்தான். "என்னய்யா?" என்றான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "முடியுமா ஒமக்கு?" என்று கேட்டது, கேலியாக இல்லாமல். அவன் தலையைச் சொறிந்தான். "ஞாயித்துக்கெழம குடிக்க மாட்டேன்" என்றான். "சனிக்கெழம யாராவது சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உக்காந்திங்கன்னா, சனியும் முடியும்." யார் போவது என்று அங்கேயே பேசினார்கள். பிறகுதான் ஆமென் விழுந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக, சொல்கிறவன் ஒவ்வொருவனும் தன் குரலைத் தானே கேட்டபடி.

வரிசை மத்தியானம் வரை போயிற்று. கடைசியாக ஜெபக்கனி எழுந்தாள். கிராதியில் கைவைத்தாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் தங்கச்சி வீட்டுல சாப்பிடுவேன்" என்றாள். "முடியாமப் போற அன்னைக்கு, முடியலேன்னு அவ வாசல்ல போய்ச் சொல்லுவேன்."

சபை யோசித்தது. எழுந்து நின்ற பிள்ளைகளும் யோசித்தன. யூனிஸ் அக்காளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்காமல், முதல் ஆமென் தன்னுடையதாக இருக்கக்கூடாது என்பதுபோல. தெற்கு ஜன்னலுக்கு வெளியே, பனைகளுக்கு அப்பால், தேரி ஒரு மணலும் உதிர்க்காமல் நின்று, அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது.